ரெண்டு பேரோட மேடேற ஒரு சூப்பர்சார்ஜர்

ஜூலை 2, ஞாயிறு

சூப்பர்சார்ஜர் கிடைச்சிருச்சு. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில, தேஞ்ச பேரிங் மூட்டைக்கு அடியில கிடந்துச்சு. ஏதோ ஜப்பான் கார்ல இருந்து கழட்டினது. கடைக்கார பாய் அதை ஏசி கம்ப்ரசர்னு நெனச்சு வெச்சிருந்தாரு. நானும் ஆமாங்க பாய்னு தலையாட்டிட்டு வாங்கியாந்துட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தா சோறு எறங்கலை. மறுபடி போய், அது கம்ப்ரசர் இல்லீங்க பாய், எச்சா விலைக்குப் போகும்னு சொல்லிட்டேன். அவர் சிரிச்சுட்டு ஒரு டீ வாங்கிக் குடுத்து, எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. நல்ல மனுசன். அவர் கடை நல்லா இருக்கணும்.

மில்லுல இந்த டைரியைக் குடுத்து ஆறு மாசமாச்சு, இன்னைக்குத்தான் பேனா வெக்கறேன். ஸ்பின்னிங் மில்லுல முப்பது வருசமா மெயின்டனன்ஸ் பாக்கறவன் நான். செஞ்சதை அன்னன்னைக்கு எழுதி வெச்சாத்தான் எங்க கோட்டை விட்டோம்னு பின்னாடி தெரியும். அதனால முறையா எழுதறேன்.

வண்டி ரெண்டு சீட்டு. மேல கூரை கிடையாது. சேஸிஸும் ஃபைபர் பாடியும் பூனாவுல இருந்து பெட்டி பெட்டியா வந்து, வீட்டுப் பக்கவாட்டுல ஷெட்டுப் போட்டு நானே மாட்டினது. எஞ்சின் ஒரு பழைய ஜீப்போடது. வெளிய எடுத்தா எங்க விளாங்குறிச்சியே நின்னு பாக்கும். ஒரே ஒரு குறை. சித்திரையில அம்சவேணியை உக்கார வெச்சுக்கிட்டு கோத்தகிரிக்கு, அவ தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினேன். மலையில மூணாவது வளைவுலயே நிறுத்தச் சொல்லி இறங்கிட்டா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. இந்த வண்டி ரெண்டு பேரோட மேடேறாதுங்க, முக்குது, இனிமே இதுல நான் ஏற மாட்டேன்னு சொல்லிட்டு, எங்களுக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போயிட்டா. அந்த பஸ் எப்ப வந்துச்சுன்னே நான் பாக்கலை. கட்டின பொண்டாட்டி பஸ்ல முன்னால போறா, நான் கார்ல தனியாப் பின்னால போறேன். நாலு பேர் சிரிக்கற மாதிரி ஆயிருச்சு.

அந்தத் தங்கச்சி ஆவணியில புது வீட்டுக்குப் பால் காய்ச்சறா. செப்டம்பர் மொத ஞாயித்துக்கிழமை. அதுக்கு அம்சாவை இதே வண்டியில, இதே ரோட்டுல கூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான் சூப்பர்சார்ஜர். பெல்ட்டுல சுத்திக் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்கும். சாப்பிடாத பிள்ளைக்கு அம்மாக்காரி உருட்டி உருட்டி ஊட்டற மாதிரி. எச்சாக் காத்து போனா எச்சாப் பெட்ரோல் எரியும், எச்சா இழுக்கும். அவகிட்ட சொன்னேன். பாக்கலாம்னா. அதுவே பெருசு.

ஜூலை 5, புதன்

கணபதியில செபஸ்தியான் லேத்துக்குப் போனேன். எனக்குத் தம்பி மாதிரி. வண்டிக்கு வேணுங்கற புஷ், ஷாஃப்ட் எல்லாம் அவன் கடைஞ்சு குடுத்ததுதான். சூப்பர்சார்ஜரைச் சுத்தறதுக்கு ஒரு பெல்ட் புல்லி வேணும்னு படம் போட்டுக் குடுத்தேன். லேத்துல நின்னுக்கிட்டு ஏதேதோ கேட்டான். நாலு பக்கமும் மெஷின் ஓடுது, இவன் வாய்க்குள்ளயே பேசறான். ம் ம்னு சொல்லி வெச்சேன். இப்பெல்லாம் யாரு வாயைத் தொறந்து பேசறாங்க.

ஜூலை 12, புதன்

புல்லி வந்துச்சு. பளபளன்னு கண்ணாடி மாதிரி. ஆனா படத்துல போட்டதை விட சின்னது. ஏம்ப்பா இப்படின்னா, "நீங்கதானுங்ணா சின்னதாக் கடையட்டுமான்னு கேட்டதுக்கு ம்னு சொன்னீங்க" ங்கறான். சின்னப் புல்லின்னா வெசையாச் சுத்தும், இன்னும் எச்சாக் காத்துத் தள்ளும். நல்லதுதானே, இருக்கட்டும்னுட்டேன். காசு வாங்க மாட்டேன்னு அடம் புடிச்சான். அவன் பொண்டாட்டி கையில ஒரு சீப்பு நேந்திரம்பழம் குடுத்துட்டு வந்தேன்.

ஜூலை 14, வெள்ளி

அம்சா கோயிலுக்குப் போறப்ப, குக்கர்ல பருப்பு இருக்குது, மூணு விசில் வந்தா நிறுத்துங்கன்னு சொல்லிட்டுப் போனா. நான் அடுப்படிக்குப் பக்கத்துலயேதான் உக்காந்து, சூப்பர்சார்ஜரைத் தாங்கற பிராக்கெட்டுக்கு அளவு எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு விசிலும் வரலை. தீஞ்ச நாத்தம்தான் வந்துச்சு. விசிலைக் கழட்டி ஊசியால குத்தி சுத்தம் பண்ணி வெச்சேன். அடைப்பு ஒண்ணும் காணோம். தேய்மானமா இருக்கும், புதுசு வாங்கணும். அம்சா திட்டவே இல்லை. பாத்திரத்தைத் தேச்சுட்டு ரசம் வெச்சா. இந்தப் பொறுமை எனக்கு வராது.

ஜூலை 23, ஞாயிறு

ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. ஷெட்டு மேல கட்டியிருந்த தார்ப்பாய் பறந்து பக்கத்து வீட்டு முருங்கை மேல உக்காந்துக்கிச்சு. பக்கத்து வீட்டு வாத்தியார் தானே ஏறி எடுத்துக் குடுத்தார். நெம்ப நன்றிங்கன்னேன். அப்பறம் அம்சாகிட்ட என்னமோ சொல்லிட்டுப் போனார். டிவி சத்தம் கொஞ்சம் எச்சா இருக்குதாம். பிள்ளைங்க படிக்கறாங்களாம். டிவி பழசு, ஸ்பீக்கர் தேஞ்சு போச்சு, அதான் தூக்கி வெக்க வேண்டியிருக்குது. இதுல நான் என்ன பண்ண.

பிராக்கெட்டை மாட்டியாச்சு. பெல்ட் ரெண்டு தடவை கழண்டு ஓடிருச்சு. புல்லி ரெண்டும் ஒரே கோட்டுல இல்லை. நூல் புடிச்சுப் பாத்து வாஷர் வெச்சு சரி பண்ணினேன். மூணாவது தடவை நின்னுக்கிச்சு. முருகனுக்கு ஒரு கும்பிடு.

அம்சா இப்பெல்லாம் பேசறதுக்கு முன்னாடி தோள்ல கையை வெச்சுத் திருப்பி, மூஞ்சியப் பாத்துத்தான் பேசறா. கல்யாணமான புதுசுல கூட இப்படி இல்லை. வயசாக வயசாகப் பாசம் வருது போல.

ஜூலை 30, ஞாயிறு

மொத ஸ்டார்ட். அடேங்கப்பா. ஆக்சிலேட்டரைத் தொட்டாலே ஷெட்டு ஆடுது. வாசல்ல இருந்து ரோட்டு முக்கு வரைக்கும் ஏத்தத்துல ஒரு இழு இழுத்தேன், முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. எஞ்சின்ல ஒரு கரகரப்பு இல்லை. வெண்ணெய்.

திரும்பி வந்தா அம்சா வாசல்ல கையில கரண்டியோட நிக்கறா. வண்டிக்குள்ள என்னமோ பொரியற மாதிரி சத்தம் வருதுன்னா. எண்ணெயில கடுகு போட்டாப்பல இருக்குதாம். மேட்டுல அழுத்தறப்ப மட்டும் வருதாம். அது சூப்பர்சார்ஜருக்குள்ள இருக்கற பல்சக்கரச் சத்தம், அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன். இல்லைங்க, இது வேறன்னா. அடுப்படி வேற, எஞ்சின் வேற அம்மணின்னேன். போயிட்டா.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மருதமலை ரோட்டுல மலையடிவாரம் வரைக்கும் ஏறி ஏறி இறங்கினேன். ரெண்டு பேர் எடைக்குப் பக்கத்து சீட்டுல மூணு மூட்டை மணல். அந்த மேட்டையெல்லாம் மூணாவது கியர்லயே தின்னுருச்சு. மணல் மூட்டைக்குப் பதிலா அம்சா உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சுத் தனியாச் சிரிச்சுக்கிட்டேன். எதிர்ல வந்தவங்க கிறுக்கன்னு நெனச்சிருப்பாங்க. நெனச்சுட்டுப் போகட்டும். மனசு நெறஞ்சிருக்குது.

ஆகஸ்ட் 9, புதன்

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாத்தேன். ரெண்டாவது பிளக்கோட வெள்ளைப் பீங்கான் மேல மிளகுப் பொடி தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்குது. ஈயம் மாதிரி மினுங்குது. பிளக்கு மட்டம். மாத்தணும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பிளக்கு மட்டம் இல்லை. புதுப் பிளக்குலயும் அதே புள்ளி. வெடியால ஆறு மணிக்கே செபஸ்தியானை வரச் சொல்லி ரெண்டு பேருமா எஞ்சின் ஹெட்டைக் கழட்டினோம். ரெண்டாவது பிஸ்டனோட ஓரம் எலி கொறிச்ச மாதிரி போயிருக்குது. பிளக்குல புள்ளி புள்ளியா ஒட்டியிருந்தது இந்த பிஸ்டன் உருகித் தெறிச்சதுதான். இன்னும் ரெண்டு தடவை மேடேறியிருந்தா பிஸ்டன் ஓட்டையாகி எஞ்சினே போயிருக்கும்.

செபஸ்தியான் நெம்ப நேரம் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தான். பெட்ரோல் எரியற நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சிருக்குதுன்னான். அப்பறம் கையத் தொடைச்சுக்கிட்டே என் முன்னாடி வந்து நின்னு கேட்டான்.

"அண்ணா, இது சும்மா ஆகாதுங்ணா. மேட்டுல இழுக்கறப்பெல்லாம் எஞ்சின் விடாமக் கத்தியிருக்கும். உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டுச்சு, லேசாக் கேட்டுச்சு, பெட்ரோல் சரியில்லைன்னு விட்டுட்டேன்னு சொன்னேன். அவன் மறுபடி பிஸ்டனைத் தடவிப் பாத்தான். நீ ஏன்யா புல்லியைச் சின்னதாக் கடைஞ்ச, அதனாலதான் காத்து எச்சாகி இப்படி ஆச்சுன்னு எகிறிட்டேன். அவன் ஸ்பேனரையெல்லாம் தொடைச்சு வரிசையா வெச்சுட்டு, அம்சா குடுத்த காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டான்.

ஆகஸ்ட் 14, திங்கள்

எழுதறதுக்கு ஒண்ணும் இல்லை.

ஆகஸ்ட் 16, புதன்

அம்சா மாவு அரைக்கப் போயிருந்தா. அடுப்படிக்குப் போய்ப் பின்கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினேன். வாணலியில எண்ணெய் ஊத்திக் காய விட்டு, ஒரு கை கடுகை அள்ளிப் போட்டேன்.

கடுகு குதிச்சுது. சுவத்துல தெறிச்சுது. என் கை மேலயும் வந்து விழுந்து சுட்டுச்சு. சத்தம் இல்லை. தலையைக் குனிஞ்சு வாணலிப் பக்கத்துல காதைக் கொண்டு போனேன். வலது காது, அப்பறம் இடது காது. கருகிப் போற வரைக்கும் நின்னு பாத்தேன். ஒண்ணும் இல்லை.

மில்லுல புதுசா வர்றவங்களுக்கெல்லாம் காதுல பஞ்சு வெச்சுக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். எனக்கு வெச்சுக்கிட்டதில்லை. மெஷின் பேசறதைக் கேக்கணும்ல, பஞ்சு வெச்சா எப்படிக் கேக்கறதுன்னு ஒரு திமிரு. பயமா இருக்குது. யார்கிட்ட சொல்ல. அடுப்படியிலயே உக்காந்து அழுதேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

வாணலியை ஒளிச்சு வெச்சும் அம்சா கண்டுபுடிச்சுட்டா. எதுக்கு இவ்வளவு கடுகுன்னு கேட்டா. சொல்லிட்டேன். மறைக்கத் தெம்பு இல்லை. பெருசா அதிர்ச்சியாவான்னு நெனச்சேன். அவ வாணலியைக் கீழ வெச்சுட்டு, பலகையை இழுத்துப் போட்டு எனக்கு நேரா உக்காந்தா.

"சித்திரையில வண்டி முக்கலைங்க. நல்லாத்தான் ஏறுச்சு. பின்னாடி பஸ்காரன் ரெண்டு வளைவா ஆரன் அடிச்சுக்கிட்டே வந்தான். நீங்க நடு ரோட்டை விடவே இல்லை. ஒரு பக்கம் பள்ளம். செத்தோம்னு நெனச்சேன்."

அதை அன்னைக்கே சொல்லறதுக்கு என்னன்னு கேட்டேன். கோவம் வந்திருச்சு எனக்கு. ஒண்ணரை மாசமா ஷெட்டுல கிடந்து சாகறேன், இவ வாயைத் தொறக்கலையேன்னு.

"காது கேக்கலைன்னு சொன்னா நீங்க வண்டியை வித்துப் போட்டு மூலையில உக்காந்துருவீங்க. வண்டி சரியில்லைன்னு சொன்னா, அதைச் சரி பண்ணிக்கிட்டாவது இருப்பீங்கல்ல. அதான்."

அவ ஒவ்வொண்ணாச் சொன்னா. ஃபோன் அடிச்சா ஓடிப் போய் எடுக்கறது, கல்யாண வீட்டுல என் இடது பக்கமே உக்காந்து மத்தவங்க கேக்கறதுக்கெல்லாம் எனக்கு முந்திப் பதில் சொல்லறது, வாத்தியார் வீட்டுக்கு வாராவாரம் முறுக்கு சுட்டுக் குடுக்கறது. எல்லாம் இதுக்குத்தான். தோள்ல கை வெக்கறதும் இதுக்குத்தான். நான் பாசம்னு எழுதி வெச்சிருக்கேன். பாசம்தான், இல்லைன்னு யாரு சொன்னா.

வண்டியை வித்தர்றேன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். நான் தப்பா ஓட்டி அவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்.

"வித்துட்டு என்ன பண்ணுவீங்க? காது டாக்டர்கிட்ட வாங்க. வந்தீங்கன்னா நான் பக்கத்துல உக்காந்து வர்றேன். கடுகு பொரிஞ்சாச் சொல்லறேன், ஆரன் அடிச்சாலும் சொல்லறேன்."

சரின்னேன். தலையாட்டலை. வாயைத் தொறந்து சரின்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 19, சனி

டாக்டர்கிட்டப் போனோம். ஒரு சின்ன ரூமுக்குள்ள உக்கார வெச்சு, காதுல மாட்டி விட்டு, சத்தம் கேட்டாப் பட்டனை அமுத்துங்கன்னாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கலை. சும்மா இருந்தா ஃபெயில் போட்டுருவாங்கன்னு குத்துமதிப்பா அமுத்தினேன். அந்தப் பொண்ணு கதவைத் தொறந்து, நான் சத்தம் வெக்காதப்பவும் அமுத்தறீங்களே சார்னா. அம்சா வெளிய உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தா. எனக்கும் சிரிப்பு வந்திருச்சு.

நரம்பு போயிருச்சாம். மில் சத்தம்தான் காரணமாம். மெல்லிசுச் சத்தமெல்லாம் இனித் திரும்பி வராது. தடிச்ச சத்தம் ஓரளவு கேக்கும். காதுல மாட்டற மெஷினுக்கு அளவு எடுத்திருக்காங்க, வர ஒரு மாசமாகும். ஆனா அதை மாட்டிக்கிட்டுத் திறந்த வண்டியில போனாக் காத்துச் சத்தம்தான் இரையுமாம். வண்டி ஓட்டலாமான்னு நானே கேட்டேன். கண்ணாடியப் பாத்து ஓரமா ஓட்டுங்க, பக்கத்துல ஆள் வெச்சுக்குங்கன்னார். ஆள் இருக்குதுங்கன்னேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மில்லுல இருந்து நேரா செபஸ்தியான் லேத்துக்குப் போனேன். அன்னைக்கு உன்னைப் பேசினது தப்புப்பா, எனக்குக் கேக்கலை, ஆனா கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன்னேன். அவன் மெஷினை ஆஃப் பண்ணிட்டு வந்து, எனக்குத் தெரியுமுங்ணா, விடுங்கன்னான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. புது பிஸ்டன் அவனே வாங்கி வெச்சிருந்தான். பெரிய புல்லியும் கடைஞ்சு வெச்சிருந்தான், நான் மொதல்ல படம் போட்ட அளவுலயே. இப்படி ஒருத்தன் கூடப் பொறக்காமக் கிடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அம்சா வண்டியில ஏறினா. தலைக்கு சால்வையைச் சுத்திக்கிட்டு, கோயிலுக்குப் போறவ மாதிரி செருப்பைக் கழட்டி வெச்சுட்டு ஏறினா. ஏன்னு கேட்டா, ரெண்டு மாசம் கும்பிட்டுச் சரி பண்ணின வண்டியாச்சேங்கறா. கிண்டல்.

மருதமலை ரோட்டு மேட்டுல மூணாவது கியர்ல அழுத்தினேன். அவ என் முழங்கால்ல தட்டினா. காலை எடுத்தேன். வண்டியை ஓரங்கட்டி, ஸ்பார்க் கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பி வெச்சேன். மறுபடி மேடு. இப்ப எப்படின்னு கேட்டா, "ரெண்டு மூணு கடுகு" ங்கறா. மறுபடி திருப்பினேன். மறுபடி மேடு. கடைசித் தடவை முழங்கால்ல கை வரவே இல்லை. திரும்பிப் பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டு, காதைச் சாச்சுக்கிட்டு, உதட்டு மேல விரல் வெச்சிருந்தா. "சுத்தம்" னா.

முப்பது வருசத்துல எத்தனையோ பேர் கூட மெஷின் சரி பண்ணியிருக்கேன். இவ்வளவு சுத்தமா வேலை செய்யற ஆளை நான் பாத்ததில்லை. வீட்டுக்குள்ளயே இருந்திருக்கா.

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்னைக்கு நடந்ததை முழுசா எழுதிட்டுத்தான் படுக்கணும்.

வெடியால கிளம்பினோம். பின்னாடி தங்கச்சிக்குச் சீர்த்தட்டு, குத்துவிளக்கு எல்லாம் கட்டியாச்சு. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் அம்சா சீட்டு ஓரத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. மூணாவது வளைவு வந்துச்சு. வண்டி ரெண்டு பேரையும் சீர்த்தட்டையும் சேத்து அப்படியே தூக்கிட்டுப் போச்சு. அதுக்கு மேல ஒரு வளைவுல பஸ் ஒண்ணு பின்னாடி வந்துச்சு. அவ முழங்கால்ல தட்டி, கையைக் காட்டினா. ஓரம் ஒதுங்கி வழி விட்டேன். பஸ்காரன் தாண்டறப்ப எங்களைப் பாத்து ஒரு கும்பிடு போட்டான். அம்சாவும் போட்டா. அப்பறம் அவ சீட்டைப் புடிக்கவே இல்லை. மடியில கையை வெச்சுக்கிட்டு வந்தா. எனக்குக் கண்ணு தண்ணி கட்டிக்கிச்சு, காத்துனால இல்லை.

ஒரு தடவை கூட நிக்காம மேல ஏறிட்டோம். பால் பொங்கி, சாப்பாடு ஆச்சு. வந்திருந்த ஒறம்பரை சனம் பூரா வண்டியச் சுத்தி நின்னாங்க. எங்க சகலை எனக்குப் பின்னால நின்னு என்னமோ கேட்டிருக்கார். நான் திரும்பலை. வழக்கம் போல அம்சா எனக்கு முந்திப் பதில் சொல்ல வாயெடுத்தா. அவ வாயெடுக்கறதைப் பாத்துத்தான் யாரோ என்னமோ கேட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அவ கையைப் புடிச்சு நிறுத்திட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்.

"எனக்குக் காது கேக்காதுங்க. நெம்ப வருசமாக் கேக்கலை. நான் ஓட்டினேன், அம்சா கேட்டுக்கிட்டு வந்தா. அப்படித்தான் வந்து சேந்தோம்."

உடனே எல்லாரும் ஒண்ணாக் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. சகலை என் காதுக்குள்ள வாயை வெச்சே கத்தினார். அம்சா வந்து அவரைத் தள்ளி நிறுத்தினா.

"கத்தாதீங்க. முன்னாடி வந்து நின்னு, மெல்லப் பேசுங்க. போதும்."

அவரும் முன்னாடி வந்து நின்னு, இந்த வண்டி என்ன வேகம் போகும்னு கேட்டார். மேட்டுல எவனும் புடிக்க முடியாதுங்கன்னேன்.

பொழுதோட இறங்கினோம். அம்சா வழி பூரா பேசிக்கிட்டே வந்தா. தங்கச்சி வீடு, தங்கச்சி மாமியார், யாரு என்ன சீர் வெச்சாங்க, இத்தனை வருசமா யார் யாருக்கு என்னென்ன பதில் சொல்லி என்னைக் காப்பாத்தினா, எல்லாம். பாதிதான் கேட்டுச்சு. முன்ன மாதிரி ம் போடலை. கேக்காதப்பெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைச்சு, அவ பக்கம் திரும்பி உக்காந்து, மறுபடி சொல்லுன்னு கேட்டேன். மாட்டு வண்டியெல்லாம் எங்களைத் தாண்டிப் போச்சு. வீடு வந்து சேர நெம்ப நேரமாயிருச்சு.